'வா' என்பதன் இறந்த காலம்

ஜூன் 7, சனி

டாக்டர் ஒரு பதிவேடு வைக்கச் சொல்லியிருக்கிறார். பார்க்கும் ஒவ்வொரு முறையும் நோயாளி என்ன சொல் சொல்கிறாள், எந்த மொழியில், எத்தனை சொற்கள் என்று தேதி போட்டு எழுத வேண்டும். கல்லூரியில் தாவரவியல் ஆசிரியையாக இருபத்தாறு வருடம் செடிகளுக்குச் செய்கிற வேலைதான்.

நோயாளி: சலேத் மேரி, வயது நாற்பத்தாறு, என் தங்கை. மடத்தில் சேர்ந்து இருபத்தெட்டு வருடம். அதில் இருபது வருடம் பொலிவியாவில், மலைமேல் ஒரு சின்ன ஊரில், மருந்தகத்தில் நர்ஸ். மார்ச்சில் பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. மே கடைசியில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து, அவர்கள் மடத்து நோயாளிச் சகோதரிகள் இல்லத்தில் வைத்திருக்கிறார்கள்.

இன்று போனேன். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. அடையாளம் தெரிகிறது, அதில் சந்தேகமில்லை. "எப்படி இருக்க?" என்றேன். மூன்று நான்கு சொற்கள் சொன்னாள். நாக்கு குழறுகிறது என்று நினைத்தேன். இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் கிளாரட் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

"டீச்சர், அது குழறல் இல்ல. ஸ்பானிஷ். தமிழ் சுத்தமா போயிருச்சு. இங்கிலீஷும் இல்ல. நாம சொல்றதும் அவங்களுக்கு ஏறல. எங்கள்ல ஸ்பானிஷ் தெரிஞ்சவங்க யாரும் கிடையாது. கையக் காலக் காட்டித்தான் குடும்பம் நடத்துறோம்."

ஒன்பது நாளாக ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாளாம். ஃபேனைக் கூட்டினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், ஜெபமாலையைக் கையில் வைத்தார்கள். எதற்கும் தலையை அசைத்துவிட்டாள். அந்தச் சொல்லைக் காதில் கேட்டபடி எழுதிக்கொண்டேன்: லூஸ்.

ஜூன் 8, ஞாயிறு

லூஸ் என்றால் வெளிச்சம். அகராதியில் இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. சிஸ்டர் கிளாரட்டுக்குப் போன் செய்து, ஜன்னல் வெயில் கண்ணில் அடிக்கிறது, திரை போடுங்கள் என்றேன். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "திரை போட்டதும் ஒரு பெருமூச்சு விட்டாங்க பாருங்க டீச்சர்! எங்களுக்கு அழுகையே வந்துருச்சு."

எனக்கு வரவில்லை. ஒன்பது நாள் என்பது மட்டும் மனதில் நின்றது.

ஜூன் 10, செவ்வாய்

டாக்டரிடம் சந்தேகங்களைக் கேட்டேன். தாய்மொழி போய், பின்னால் படித்த மொழி தங்குமா? தங்கும் என்கிறார். அரிதுதான், ஆனால் எழுதி வைக்கப்பட்டவை உண்டு. கடைசி வருடங்களில் தினமும் புழங்கிய மொழி சில சமயம் மிஞ்சுகிறது. தமிழ் திரும்புமா என்றேன். சொல்ல முடியாது என்றார். ஸ்பானிஷ் நிற்குமா? அதுவும் சொல்ல முடியாது. இன்னொரு அடைப்பு வந்தால் இருப்பதும் போகலாம். "பேச வேண்டியது ஏதாவது இருந்தா சீக்கிரம் பேசிடுங்க மேடம்" என்றார்.

வீட்டுத் தண்ணீர் மோட்டார் காற்று பிடித்துவிட்டது. பிளம்பர் நாளை வருவதாகச் சொன்னார். வரமாட்டார்.

ஜூன் 14, சனி

சொற்கள்: முப்பத்தெட்டு. வேறுபட்டவை இருபத்தொன்று. எல்லாம் ஸ்பானிஷ்.

ஜூன் 15, ஞாயிறு

நேர்மையாக எழுதுவதென்றால் இந்த நோட்டை டாக்டரிடம் கொடுக்க முடியாது. சொல் பட்டியலைத் தனியாக நகலெடுத்துக் கொடுப்பேன்.

அவளிடம் பேச எனக்கு இருப்பது ஒரே ஒரு கேள்வி. 2009 அக்டோபரில் அம்மா சாகக் கிடந்தபோது, உடனே வா என்று நான் செய்தி அனுப்பினேன். அம்மா பதினொரு நாள் இருந்தாள். சலேத் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அதன்பின் கிறிஸ்துமஸ் தோறும் போன் செய்தாள். 2012லும் 2018லும் விடுப்பில் வந்து இதே வீட்டில் தங்கினாள். மழை பெய்ததா, உப்பு விலை என்ன, சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா என்று பேசிக்கொண்டோம்.

பதினாறு வருடம் கேட்காமல் இருந்தது என் விருப்பம். இனி கேட்கவே முடியாமல் போவது வேறு விஷயம்.

ஸ்பானிஷ் படிக்கப் போகிறேன்.

ஜூன் 18, புதன்

செல்போனில் ஒரு செயலி. இரண்டு நாளாக அது எனக்கு 'ஆமை ஆப்பிள் தின்கிறது' என்று சொல்லித்தருகிறது. நீக்கிவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

அடுத்த தெருவில் ரைமண்ட் மோத்தா இருக்கிறார். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். தென் அமெரிக்கத் துறைமுகங்களுக்கே பதினைந்து வருடம் ஓடியவர். போய்க் கேட்டேன்.

"ஸ்பானிஷா? தாராளமா சொல்லித்தாரேன் டீச்சர். ஆனா ஒண்ணு, நான் படிச்சதெல்லாம் துறைமுகத்துல படிச்சது. சிஸ்டர்மார் காதுல விழுற மாதிரி எவ்வளவு தேறும்னு தெரியல."

சமையலறையிலிருந்து அவர் மனைவி லில்லியக்கா சத்தம் போட்டார்: "யார்கிட்ட படிச்சார்னு கேளுங்க டீச்சர்! நாப்பது வருஷமா நானும் கேக்கேன், பதில் இல்ல."

"ஏட்டி, சும்மா இருக்கமாட்டியா? படிக்க வந்தவங்கள வெரட்டாத."

வாரத்தில் மூன்று நாள், மாலை ஐந்து மணி.

ஜூன் 28, சனி

சலேத்திடம் முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் பேசினேன். வலிக்கிறதா என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு படபடவென்று ஒரு இருபது சொற்கள். எனக்குப் புரிந்தவை: தோள், இரவு, தலையணை. சிஸ்டர் கிளாரட் வலது தோளுக்கு அடியில் தலையணை வைத்தார். சலேத் கண்ணை மூடிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் இருக்கும் வயதான சிஸ்டர் என்னிடம், "உங்க தங்கச்சி மேல எவ்வளவு பாசம் இருந்தா இந்த வயசுல ஒரு பாஷை படிப்பீங்க!" என்றார். நான் மறுக்கவில்லை. விளக்க நேரமில்லை.

ஜூலை 3, வியாழன்

இன்று மோத்தாவிடம் 'வா' என்ற வினைச்சொல்லைக் கேட்டேன். பெனிர். எழுதும்போது முதலெழுத்து வேறு, சொல்லும்போது பகரம்தான். நான் வருகிறேன், பெங்கோ. நீ வருகிறாய், பியெனெஸ். நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். மிகச் சாதாரணமான வினை, குழந்தைகள் முதலில் படிப்பது, ஆனால் ஒழுங்காக மாறாது என்றார்.

"பெனிர், பெனிர்னு என்னத்த? கல்யாண வீட்டுல பன்னீர் தெளிக்கிற மாதிரி இருக்கு" என்றார் லில்லியக்கா. காபி நன்றாக இருந்தது.

'வந்தாய்' எப்படி என்று கேட்டேன். மோத்தா தலையைச் சொறிந்தார்.

"இறந்த காலம் எனக்கு வராது டீச்சர்."

"பதினைந்து வருஷம் பேசியிருக்கீங்களே?"

"நேத்து நான் வாரேன், போன மாசம் நான் வாரேன். அப்படித்தான் பேசுவேன். எல்லாவனுக்கும் புரியும். கப்பல்காரனுக்கு எதுக்கு இறந்த காலம்? ஒரு துறையில நாலு நாளு. அதுக்குள்ள இறந்த காலம் ஆகுற அளவுக்கு என்ன நடந்துரப் போகுது?"

உள்ளே பாத்திரம் ஒன்று வேகமாக வைக்கப்பட்டது.

ஜூலை 5, சனி

சொற்கள்: இருபத்தொன்பது. குறைகிறது. ஒருவேளை களைப்பு. ஒரு வாரத்து எண்ணை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

ஜூலை 6, ஞாயிறு

கல்லூரி நூலகத்தில் யாரும் தொடாத ஒரு ஸ்பானிய இலக்கணம் இருக்கிறது. அதை எடுத்து வந்தேன். வந்தேன், பினே. வந்தாய், பினிஸ்தே. வந்தாள், பினோ. 'நோ' சேர்த்தால் எதிர்மறை. ஏன் என்பதற்கு 'போர் கே'.

போர் கே நோ பினிஸ்தே. ஏன் நீ வரவில்லை.

நான்கு சொற்கள். துணி துவைக்கும்போது சொல்லிப் பார்த்தேன். நெத்திலி ஆய்ந்துகொண்டே சொல்லிப் பார்த்தேன். தமிழில் இதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஜூலை 12, சனி

கேட்கவில்லை. அவளுக்குச் சளி. சாப்பாடு பிடித்ததா என்று மட்டும் கேட்டேன். பிடிக்கவில்லையாம்.

ஜூலை 19, சனி

கேட்கவில்லை. சிஸ்டர் கிளாரட் அறையிலேயே இருந்தார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

சொற்கள்: இருபத்திரண்டு. களைப்பு இல்லை. குறைகிறதுதான்.

ஜூலை 26, சனி

இங்கே மாதா கோயில் கொடியேற்றம். பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. பதினொன்றரைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

அவளுக்குத் தலை வாரிவிட்டேன். நரை என்னைவிட அதிகம். பின்னால் நின்றுகொண்டிருந்ததால் முகம் தெரியவில்லை. அந்த நிலையில் கேட்டேன்.

"போர் கே நோ பினிஸ்தே?"

அவள் அசையவில்லை. புரியவில்லை போலும் என்று நினைத்து, 'அம்மா' என்று சேர்த்து, 2009 என்று எண்களையும் சொன்னேன். சீப்பைப் பிடித்திருந்த என் கையை இடது கையால் பிடித்து முன்னால் இழுத்தாள். முகத்தைப் பார்த்தேன். பயந்துவிட்டவள் மாதிரி இருந்தது. வாயைத் திறந்து மூடினாள். பிறகு சொன்னாள்:

"கிராபே. கோமோ பாப்பா."

இரண்டு முறை சொன்னாள். அதற்குமேல் வரவில்லை. அழுதாள். பக்கவாதம் வந்தவர்களுக்கு அழுகை காரணமில்லாமலும் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 27, ஞாயிறு

கிராபே என்றால் நோய் கடுமையாக இருப்பது. ஆங்கிலத்தில் சீரியஸ் என்போமே, அது. கோமோ பாப்பா, அப்பாவைப் போல.

பொருந்தவில்லை. அப்பாவுக்கு நோயே கிடையாது. உப்பள ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சலேத்துக்கு நினைவு குழம்பியிருக்க வேண்டும். டாக்டரிடம் கேட்க வேண்டும்.

கல்லூரிக்குத் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. துறைக் கோப்புகளைச் சரிசெய்ய வேண்டும். மூலிகைத் தோட்டத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை.

ஜூலை 28, திங்கள்

கோப்புகள்.

ஜூலை 30, புதன்

அவளுக்கு நினைவு குழம்பவில்லை.

1996, பிப்ரவரி. அப்பா இறந்தது காலை பத்து மணிக்கு. சலேத் திருச்சியில் ஹாஸ்டலில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நான் சித்தப்பாவோடு தந்தி ஆபீசுக்குப் போனேன். எனக்கு இருபது வயது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் படிவத்தைக் கொடுத்தார்கள். அப்பா இறந்துவிட்டார் என்று எழுதத் தொடங்கினேன். சித்தப்பா என் கையைப் பிடித்தார்.

"ஏ பிள்ள, அப்படியெல்லாம் எழுதக்கூடாது. அவ தனியா பஸ்ல வரணும்லா? சீரியஸ்னு எழுது. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாவ. படிக்கிறவுகளுக்குத் தெரியும்."

ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமிடியட்லி. நான்தான் எழுதினேன்.

சலேத்துக்குத் தெரியவில்லை. பதினேழு வயது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றே நம்பி, திருச்சி பஸ் ஸ்டாண்டில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தாள். தெருமுனையில் வாடகை நாற்காலிகளைப் பார்க்கும்வரை அவளுக்குத் தெரியாது. பையோடு வீட்டுக்குள் வந்து என்னைத்தான் பார்த்தாள். "சீரியஸ்னு தானக்கா போட்டிருந்த?" என்றாள்.

2009 அக்டோபர் 12. நான் அவர்கள் மடத்துத் தலைமையகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அங்கிருந்து மலைமேல் இருப்பவளுக்குப் போனில் வாசித்திருப்பார்கள். மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமிடியட்லி. அன்று அது உண்மை. காலில் புண், சர்க்கரை, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. ஆனால் அம்மா உயிரோடு இருந்தாள். மிகத் துல்லியமாக எழுதியதாக நினைத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

கூட்டம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

வீட்டில் எழுதித் திருத்திப் படித்த வாக்கியத்தைக் கேட்டேன்: அம்மா இறந்துவிட்டாள் என்று நினைத்தாயா?

"சி," என்றாள். ஆமாம். உடனே சொன்னாள், நெடுநாள் காத்திருந்தவள் மாதிரி. இடது கையைக் காதில் வைத்துக் காட்டினாள். "யமே. யமே. நாதியே."

கூப்பிட்டேன். கூப்பிட்டேன். யாருமில்லை.

அந்த முதல் ஏழு நாளும் அம்மாவும் நானும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வீட்டுப் போனை எடுக்க ஆளில்லை. எடுக்காததை அவள் எல்லாரும் கல்லறைக்குப் போயிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டிருப்பாள். அப்போது என்னிடம் செல்போன் இருந்தது. எண்ணை அவளுக்குக் கொடுத்திருக்கவில்லை. கேட்டால் கொடுக்கலாம் என்றிருந்தேன்.

அங்கிருந்து கிளம்பினால் வீடு சேர நான்கு நாள் ஆகும். நம் ஊரில் அடக்கம் மறுநாளைத் தாண்டாது. வருவதில் பொருளில்லை என்று நினைத்ததில் தவறு சொல்ல முடியாது.

இரண்டாம் செய்தி ஏன் அனுப்பவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது: ஒருமுறை சொல்லியாயிற்று, கெஞ்ச விரும்பவில்லை. அந்தப் பதிலை இன்று எழுதிப் பார்த்தேன், இதோ இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திருவிழா. உள்ளூர் விடுமுறை. வெளியே போகவில்லை. தேர் போகும் சத்தம் கேட்டது.

ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. அம்மா 23ஆம் தேதி காலை இறந்தாள். அன்றே ஏர்மெயில் எழுதினேன். இறந்த தேதி, அடக்கம் செய்த நேரம், பூசை வைத்த சாமியாரின் பெயர். நான்கு வரி. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: 'அம்மாவுக்காகப் பூசை வைத்தேன். உன்னைக் கடவுள் காப்பாராக.' எவ்வளவு சுலபமாக முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். கடிதத்தைக் கிழித்தேனா, வைத்திருக்கிறேனா என்று நினைவில்லை.

ஆனால் என் கடிதத்தில் தேதி இருந்தது. செய்தி போனது 12. இறந்தது 23. கடிதத்தைப் படித்த அன்றே அவளுக்குத் தெரிந்திருக்கும். உடனே கிளம்பியிருந்தால் அம்மாவைப் பார்த்திருக்கலாம் என்பது. தான் தப்பாகப் படித்தது எதை என்பதும், அதே சொற்களை முதலில் எழுதியது யார் கை என்பதும்.

அதன்பின் இரண்டு முறை இந்த வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, உப்பு விலை கேட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். சொன்னால் தவறு என் கையில் வந்து நிற்கும்.

ஆகஸ்ட் 9, சனி

போகவில்லை. தலைவலி என்று சிஸ்டர் கிளாரட்டிடம் சொன்னேன்.

"உங்களத்தான் டீச்சர் தேடுறாங்க. காலையில இருந்து வாசலையே பாக்காங்க. யாரு செருப்புச் சத்தம் கேட்டாலும் திரும்புறாங்க."

சிஸ்டர்மாருக்கு மிகைப்படுத்தும் பழக்கம் உண்டு.

ஆகஸ்ட் 11, திங்கள்

மோத்தாவிடம் இனி பாடம் வேண்டாம் என்று சொல்லப் போனேன்.

"ஏன் டீச்சர், கேக்க வேண்டியதக் கேட்டாச்சா?"

கேட்டாயிற்று என்றேன்.

"சரி, அவங்க கேக்க வேண்டியது?"

அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. கப்பல் ரேடியோவில் ஒரு பக்கம் பேசி முடித்ததும் மறுபக்கம் பேச விடுவார்கள், அந்தப் பழக்கம். லில்லியக்கா முறுக்கு கொடுத்தனுப்பினார். சலேத்தால் மெல்ல முடியாது என்றேன். "உங்களுக்குத்தான்" என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அவள் என்ன கேட்பாள் என்று யோசித்தால் ஒன்றுதான் தோன்றுகிறது. அதற்கு ஒரு பதில் இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எட்டாம் நாள், அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் இனி ஒன்றுமில்லை என்றார்கள். மறுநாள் காலையில் கஞ்சி கொண்டுபோனேன். அம்மா கண் திறந்தாள். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"வந்துட்டியாட்டி, சலேத்து?"

நான் சலேத் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் உண்மை. கரண்டி கையில் இருந்தது. "வந்துட்டேம்மா" என்றேன்.

மூன்று நாள் அப்படியே போனது. சலேத்தாகக் கஞ்சி ஊட்டினேன், புண் துடைத்தேன், படுக்கை மாற்றினேன். அங்கே குளிருமா என்று கேட்டாள். குளிரும் என்றேன். என்ன சாப்பிடுவீங்க? உருளைக்கிழங்கு. முன்பு கிறிஸ்துமஸ் போன்களில் கேட்டதெல்லாம் பயன்பட்டது. அம்மா என் கையை விடவே இல்லை.

ஒருமுறை என்னைப் பற்றியே கேட்டாள், "எமி எங்க?"

"காலேஜுக்குப் போயிருக்கா."

"அவளுக்கு எப்பவும் வேலைதான்" என்றாள் அம்மா.

மறுநாள் காலை இறந்தாள்.

பதினாறு வருடம் நான் சலேத் மேல் வைத்திருந்த கோபம் அவள் வராததற்கானது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

சொற்கள்: பதினொன்று.

சிஸ்டர் கிளாரட்டை வெளியே இருக்கச் சொன்னேன். எதுவும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சலேத் மெலிந்திருக்கிறாள். எதிரில் உட்கார்ந்தேன். கேள், என்றேன் ஸ்பானிஷில். நீ கேள். அவளுக்குப் புரிந்தது. ஆனால் கேட்க நேரமாயிற்று. உதட்டைக் கூட்டி விட்டுவிட்டாள், மறுபடி கூட்டினாள். ஜன்னல் திரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"மமா... ப்ரெகுந்தோ போர் மி?"

அம்மா என்னைக் கேட்டாளா.

நான் எதிர்பார்த்த கேள்விதான். இல்லை என்று சொன்னால் அவளுக்கு ஒரு வலி, கேட்டாள் என்று சொன்னால் வேறு வலி. நடந்தது இரண்டும் இல்லை. வீட்டில் எழுதிப் படித்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அம்மா, என்றேன். என் நெஞ்சில் கை வைத்து, "சலேத்" என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். எழுந்து நின்றேன். கையில் கரண்டி பிடிப்பதுபோல் பிடித்து, ஊட்டிக் காட்டினேன். அம்மா படுத்திருந்ததுபோல் தலையைச் சாய்த்து மேலே பார்த்து, "சலேத்" என்று கூப்பிட்டேன். மறுபடி என் இடத்துக்கு வந்து, "சி, மமா" என்றேன். நாற்பத்தொன்பது வயதில், சாத்திய அறையில், நாடகம். மூன்று விரலைக் காட்டி மூன்று நாள் என்றேன்.

"பினிஸ்தே," என்றேன். "மமாவுக்கு, பினிஸ்தே."

நீ வந்தாய். அவளைப் பொறுத்தவரை நீ வந்துவிட்டாய்.

அவளுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நெடுநேரம் என் நெஞ்சில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. புருவத்தைச் சுருக்கினாள், சின்ன வயதில் கணக்கில் ஒன்று குறைகிறபோது சுருக்குவாளே, அப்படி. இடது கையை நீட்டி ஒரு விரலால் என்னைத் தொட்டாள்.

"இ தூ?"

அப்போ நீ?

எனக்கு 'வந்தேன்' தெரியும். ஆனால் நான் வரவில்லை. நான் எங்கும் போயிருக்கவே இல்லை. அந்த வீட்டில்தான் இருந்தேன், முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை. அதற்கு உரிய வினைச்சொல்லை நான் படிக்கவில்லை. தேவைப்படும் என்று தோன்றவில்லை.

"இங்கதான் இருந்தேன்" என்றேன், தமிழில்.

அவளுக்குத் தமிழ் ஏறாது. அது நிரூபிக்கப்பட்ட விஷயம். என் முகத்தையே பார்த்துக்கொண்டு மறுபடி கேட்டாள், இன்னும் மெதுவாக, பதில் வராமல் விடப்போவதில்லை என்பதுபோல. "இ தூ, எமி?"

நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நாலே கால் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டிய நேரம். அன்னைக்குத் திங்கட்கிழமை, என்று ஆரம்பித்தேன். அம்மா காலையில எந்திரிக்கல. தமிழில்தான் சொன்னேன். எனக்கு வேறு எதில் வரும். அவள் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.